மாரிக்கு ஒரு கதை: நன்மையும் தீமையும் மோதும் சிறுவர் நாவல்களுள் எதைத் தெரிவது?

திருகோணமலையில் மாரி பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு வெளியே இடமில்லை. வாடைக்காற்று ஓங்கி வீசும் நாட்களில் வள்ளங்கள் கரையில் ஏற்றப்பட்டிருக்கும், மைதானங்களில் தண்ணீர் நிற்கும், பின்னேரம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். அந்தப் பின்னேரங்களில் உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் தரம் 6 முதல் தரம் 8 வரை படிக்கும் 11 பிள்ளைகள் கூடுவார்கள். நான் ஒரு நாவலை ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிப்பேன், பிறகு அதைத் தமிழில் சொல்வேன், விளங்காத இடத்தில் அவர்கள் என்னை நிறுத்துவார்கள். இதுவரை விலங்குக் கதைகளும் கடற்பயணக் கதைகளுமாகப் போய்க்கொண்டிருந்த இந்த வாசிப்பில், நல்லவர்களும் கெட்டவர்களும் மோதுகிற, மந்திரம் வருகிற ஒரு பெரிய கதை வேண்டும் என்று இம்முறை பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நாவல்களில் உலகம் நெடுங்காலமாக வாசித்துவரும் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தேன். லூயிஸ் 1950 இல் எழுதிய நார்னியாவின் முதற்கதை, டொல்கீன் 1937 இல் எழுதிய ஹொபிட், மடலின் லெங்கிள் 1962 இல் எழுதிய 'காலத்தில் ஒரு சுருக்கம்', உர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி', சூசன் கூப்பர் 1973 இல் எழுதிய 'இருள் எழுகிறது' ஆகியவை அவை. தலைப்புகளைத் தமிழில் சொல்வது என் வசதிக்காக. எல்லாமே நல்ல புத்தகங்கள். ஆனால் ஒரு மாரிக்கு ஒன்றைத்தான் வாசிக்க முடியும், அதுவும் இந்த ஊரில், இந்தப் பிள்ளைகளோடு வாசிக்க வேண்டும் என்பதால் தெரிவு இலகுவாக இருக்கவில்லை.

எதை அளவுகோலாக வைப்பது என்பதைக் கோணேசர் கோவிலில்தான் தீர்மானித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நடக்கத் தொடங்கிய வயதிலேயே சுவாமிமலைக்குக் கூட்டிச் சென்று, பாறை இரண்டாகப் பிளந்து கீழே கடல் தெரியும் இராவணன் வெட்டைக் காட்டுகிறோம். நோயுற்ற தாய் வழிபடுவதற்காக மலையையே பெயர்த்துக் கொண்டுபோக முயன்றவன் என்று அங்கே சொல்கிறோம். கன்னியாவுக்குப் போனால், அதே தாயின் ஈமக்கடனுக்காக அவன் நிலத்தில் குத்திய ஏழு இடங்களில் வெந்நீர் ஊறியது என்று சொல்கிறோம். பிறகு பாடசாலையில் அதே பிள்ளைக்கு, சீதையைக் கவர்ந்துபோன அரக்கன் அவன் என்று இராமாயணம் சொல்லித் தருகிறோம். ஆகவே திருகோணமலைப் பிள்ளைக்கு, கெட்டவன் என்று பெயர் எடுத்த ஒருவன் தாய்மேல் உயிரை வைத்திருந்த மகனாகவும் சிவபக்தனாகவும் இருந்தான் என்பது பத்து வயதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்த பிள்ளையிடம், தீமை என்பது ஒரு கறுத்த உருவமாக எங்கோ வெளியே நிற்கிறது என்று மட்டும் சொல்லும் கதை எடுபடாது. எடுபட்டால், அதைவிடக் கவலைக்குரியது வேறில்லை.

எனவே ஐந்து புத்தகங்களிடமும் நான் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையில் தீமை எங்கே நிற்கிறது? மொழிநடை, நீளம், பிள்ளைகளுக்கு அது பழக்கமான உலகமா என்பவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. பல பத்தாண்டுகள் போர் நடந்த இந்த மாவட்டத்தில் ஒருவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பெயரை வைத்தும் பேச்சை வைத்தும் பிறப்பை வைத்தும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் வட்டத்தில் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகரத்துக்கு வந்து குடியேறிய முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் கதை, எதிரியை எப்படி அடையாளம் காணச் சொல்லித் தருகிறது என்பது எனக்குச் சிறிய விடயமாகப் படவில்லை.

நார்னியாக் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் ஆற்றலில் அதற்கு இணை இல்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுவதால், நான்கு உடன்பிறப்புகள் நாட்டுப்புறத்தில் உள்ள ஒரு முதிய பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். இந்தத் தொடக்கத்தை எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் சீனன்குடாவின்மீதும் குண்டு போட்டதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிந்திய போரில் பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிய பெற்றோரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த அந்நிய வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கடைக்குட்டி லூசி ஒரு பழைய அலுமாரிக்குள் நுழைகிறாள். தொங்கும் கம்பளிச் சட்டைகளை விலக்கிக்கொண்டு போகப் போகக் காலடியில் பனி நொறுங்குகிறது. அலுமாரி இல்லாத வீடு எங்களிடம் இல்லை என்பதால், இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை அன்றிரவு தன் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்க்காமல் உறங்காது.

அங்கே வெள்ளைச் சூனியக்காரியின் ஆட்சியில் எப்போதும் குளிர்காலம், ஆனால் நத்தார் மட்டும் வருவதில்லை. பனியைக் கண்டிராத எங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தை பிறக்காத மாரி என்று சொன்னால் போதும், முழுக் கொடுமையும் விளங்கிவிடும். எட்மண்ட் என்ற சிறுவன் அந்தச் சூனியக்காரி தரும் இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறான். அந்த இனிப்பு எங்கள் மஸ்கட்டுக்குக் கிட்டியது என்பதால் அதையும் சொல்லிவிடலாம். ஆனால் 'காட்டிக்கொடுத்தவன்' என்ற சொல்லை இங்கே இலேசாகச் சொல்லிவிட முடியாது. அந்தச் சொல்லுக்கு எங்கள் மண்ணில் இருக்கும் பாரம் லூயிஸ் எழுதிய ஊரில் இல்லை. அந்த ஒரு சொல்லினால் உயிரிழந்தவர்கள் இங்கே இருந்தார்கள். இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு தலைகுனிந்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன.

இதற்காகவே இந்தப் புத்தகத்தை வைத்துவிட நினைத்தேன், பிறகு இதற்காகவே வைக்க மனமில்லாமல் போயிற்று. ஏனெனில் எட்மண்ட் மீட்கப்பட்டுத் திரும்பி வரும்போது, அஸ்லான் என்ற சிங்கம் அவனோடு தனியே நடந்து பேசுகிறது. என்ன பேசியது என்பதை நூலாசிரியர் நமக்குச் சொல்வதில்லை. பிறகு மற்ற மூவரிடமும் அவனை ஒப்படைத்து, நடந்து முடிந்ததைப் பற்றி இனி அவனிடம் பேசத் தேவையில்லை என்று சொல்கிறது. உடன்பிறப்புகள் கைகொடுக்கிறார்கள், அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவ்வளவுதான். மன்னிப்பை இத்தனை சுருக்கமாகவும் இத்தனை மரியாதையோடும் காட்டிய வேறொரு பக்கத்தை இந்த ஐந்து நூல்களிலும் நான் காணவில்லை.

அப்படியிருந்தும் என் அளவுகோலில் இது முதலிடம் பெறவில்லை. எட்மண்டுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது, ஆனால் சூனியக்காரியின் படையில் நிற்கும் ஓநாய்களுக்கும் பேயுருக்களுக்கும் அந்த வழி இல்லை. அவர்கள் பிறப்பாலும் உருவத்தாலும் கெட்டவர்களாகவே காட்டப்படுகிறார்கள், போர் முடிந்ததும் எஞ்சியவர்கள் வேட்டையாடி அழிக்கப்படுகிறார்கள். கதை அந்த அழிப்பை ஒரே வரியில் கடந்துபோகிறது. எங்கள் விறாந்தையில் அந்த வரியைக் கடந்துபோக எனக்கு நா எழாது. இதைத் தவிர, அஸ்லான் குற்றவாளிக்காகத் தன்னைப் பலிகொடுத்து மறுபடி உயிர்த்தெழுவதில் கிறிஸ்துவின் கதை தெளிவாகத் தெரிகிறது. அது குறையல்ல. வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிப்பவர் அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிள்ளைகளுக்கும் மறைக்கக் கூடாது, அவ்வளவே. மொத்தம் 17 சிறு அத்தியாயங்கள், ஒரு பின்னேரத்துக்கு ஒன்று என்று வாசிக்கலாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஹொபிட்டின் கதையில் தீமை பொன்மீது படுத்திருக்கிறது. வசதியான வளையில் வாழும் பில்போ என்ற குட்டை மனிதன், 13 குள்ளர்களோடு சேர்ந்து, ஒரு மலைக்குள் புதையலைக் காத்துக் கிடக்கும் நெருப்பைக் கக்கும் பறவைநாகத்திடம் போகிறான். கதை உண்மையில் கனமாவது அந்த நாகம் செத்த பிறகு. புதையல் கைக்கு வந்ததும் குள்ளர்களின் தலைவனுக்கே பேராசைப் பித்துப் பிடிக்கிறது, நேற்றுவரை ஒரே பகைவனுக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் இன்று பங்குக்காகப் படை திரட்டுகிறார்கள். அப்போது பில்போ, தனக்குப் பங்காக எடுத்துக்கொண்ட விலைமதிப்பில்லாத மணியை இரவோடு இரவாகக் கொண்டுபோய் எதிர்த்தரப்பிடம் கொடுக்கிறான், சண்டை நிற்கட்டும் என்று. தன் கூட்டத்தாரால் துரோகி என்று ஏசப்படுவான் என்பது தெரிந்தும் அதைச் செய்கிறான். நார்னியாவில் எட்மண்ட் செய்த காரியத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளோடு பேச எனக்கு மிகவும் ஆசை.

இன்னொரு காட்சியும் உண்டு. இருட்டுக் குகையில் கொல்லம் என்ற பிறவியோடு பில்போ உயிரைப் பணயம் வைத்து நொடி போட்டு அவிழ்க்கிறான், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் அவன் முதுகுப்புறம் நிற்கும்போது, குத்திவிட்டுப் போகலாம் என்ற நிலையில், அந்தப் பிறவியின் தனிமையை நினைத்து இரங்கி, குத்தாமல் தாண்டிக் குதித்து ஓடுகிறான். 1937 இல் வந்த முதற்பதிப்பில் இந்த இரக்கக் காட்சி இல்லை, டொல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தியெழுதி 1951 இல் சேர்த்தார். நொடிகளைத் தமிழாக்குவது கடினம் என்றாலும், எங்கள் அம்மம்மாமார் போட்ட நொடிகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகள் நாள்முழுவதும் அதிலேயே நிற்பார்கள். பதிப்பாளர் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்ட பிறகே வெளியிட்ட நூல் இது. பிள்ளைகள் கேட்கும் கதையாக இது அமைந்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 19 அத்தியாயங்கள், அவற்றில் பல மிக நீளமானவை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லும் எங்கள் முறையில் மாரி முடிந்து பங்குனி வெயில் வந்தும் நாகத்தின் வாசலில்தான் நிற்போம். பெண்கள் என்று சொல்லக்கூடிய பாத்திரம் எவரும் கதைக்குள் நடமாடுவதில்லை. எங்கள் வட்டத்தில் ஆறு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பூதர்கள் இங்கேயும் பிறப்பாலேயே கெட்டவர்கள். இது இரண்டு வருடங்களுக்குப் பிறகு, பிள்ளைகள் தாங்களே ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கும்போது அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம்.

சூசன் கூப்பரின் நூலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பதினொரு வயதாகும் வில் என்ற சிறுவன், ஒளியின் பக்கம் நின்று இருளை எதிர்க்கும் முதியோர் குலத்தின் கடைசி வாரிசு தான் என்று அறிந்து, ஆறு சின்னங்களைத் தேடிச் சேர்க்கிறான். ஐந்து நூல்கள் கொண்ட தொடரில் இது இரண்டாவது. பனிமூட்டத்தில் காகக் கூட்டம் கூரையை மொய்க்கும் பக்கங்கள் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். ஆயினும் ஒளியும் இருளும் மனிதர்களுக்கு மேலே நின்று போரிடும் இரு பேராற்றல்களாக இருப்பதால் சிறுவன் தெரிவு செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தவிரவும் இங்கிலாந்தின் நாட்டார் நம்பிக்கைகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஊறியிருப்பதால் நான் கதை சொல்வதைவிட விளக்கம் சொல்வதே கூடுதலாகிவிடும்.

'காலத்தில் ஒரு சுருக்கம்' என்னை மிகவும் சோதித்த புத்தகம். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்த பிறகு வெளிவந்து, மறுவருடமே அமெரிக்காவின் நியூபெரி விருதைப் பெற்றது. மெக் என்ற சிறுமி, கோபக்காரி, கண்ணாடி போட்டவள், பாடசாலையில் எவரோடும் ஒத்துப்போகாதவள். அவளே நாயகி. கமசோட்ஸ் என்ற கோளில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாளத்தில் பந்தடிக்கிறார்கள், தாளம் தப்பிய ஒரு சிறுவனைத் தாய் பதறிப்போய் உள்ளே இழுத்துக்கொள்கிறாள். எல்லாரையும் ஒன்றாக்கி ஆளும் ஒரு பெருமூளைதான் அங்கே தீமை. ஒத்துப்போவதும் சமமாக இருப்பதும் ஒன்றல்ல என்று மெக் கண்டுகொள்ளும் இடத்தை, தனிவகுப்புக்கும் பரீட்சைக்கும் ஒரே தாளத்தில் ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட எவருக்கும் ஆசை வரும். தீமையை வாளால் வெல்ல முடியாமல், தம்பிமேல் வைத்த அன்பினால் அவள் வெல்வதும் என் மனதுக்கு நெருக்கமானது.

ஆனால் இந்தக் கதை காணாமற்போன ஒரு தகப்பனைத் தேடிப் போகும் கதை. ஊரார் அவரைப் பற்றிக் குசுகுசுக்கிறார்கள், தாய் நம்பிக்கையோடு காத்திருக்கிறாள், கடைசியில் பிள்ளைகள் அவரைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு பிள்ளையின் வீட்டுச் சுவரில் அவளுடைய அம்மாவின் தகப்பனாருடைய படம் இருக்கிறது. இறந்தவர்களின் படங்களுக்குப் போடுவதுபோல் அதற்கு மாலை போடப்படவில்லை, பொட்டும் வைக்கப்படவில்லை. கூட்டிப்போகப்பட்ட அவர் இன்னும் வரவில்லை என்பதுதான் அந்த வீட்டுக் கணக்கு. அந்தப் பிள்ளையின் அம்மம்மா இன்றுவரை படலையைப் பூட்டாமல் படுப்பவர். தகப்பனார் திரும்பி வந்துவிடும் கதையை அந்தப் பிள்ளைக்கு முன்னால் வாசித்து, அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மம்மாவுக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று பல இரவுகள் யோசித்தேன். அது ஆறுதலாகவும் இருக்கலாம், ஆறாத காயத்தில் கைவைப்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருக்கும் என்பதை அந்த வீட்டாரே தீர்மானிக்க வேண்டும், நான் 11 பேருக்கு நடுவில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதனால் இந்த நூலை விலக்கினேன். நல்ல புத்தகம் என்பதாலேயே இங்கே விலக்க வேண்டியிருந்தது. வேறு ஊரில், வேறு வீடுகளில் இதை வாசிக்கத் தயங்க வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது எர்த்சீ. என் தெரிவும் அதுவே.

முதலாவது காரணம் கடல். எர்த்சீ என்பது முழுக்க முழுக்கத் தீவுக்கூட்டம். அதன் மனிதர்கள் மீனவர்கள், வள்ளம் கட்டுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், வணிகர்கள். காற்றை அழைக்கத் தெரிந்த மந்திரவாதிக்கு ஒவ்வொரு கப்பலிலும் வேலை உண்டு. கொட்டியாரக் குடாவையும் சோபர் தீவையும் புறாத்தீவையும் பார்த்து வளர்ந்த, வாடைக்கும் கச்சானுக்கும் கடலின் நிறம் எப்படி மாறும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் அந்நியமானது குறைவு. கண்ணில் வெண்படலம் விழுந்து பார்வை மங்கிய ஒரு கிழவன், தன் வள்ளத்தைக் கெட் என்ற இளைஞனுக்குக் கொடுக்கிறான். கெட் அவனுடைய கண்ணைத் தெளிய வைக்கிறான். அதற்கு நன்றியாக, வள்ளத்தின் அணியத்தில் இருபுறமும் கண் வரைந்துகொள், அந்தக் குருட்டு மரத்திலிருந்து என் நன்றி உனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும், பாறையிலிருந்து காக்கும் என்கிறான் கிழவன். இந்த இடத்தை வாசித்தபோது, கடலுக்குப் போகும் வீட்டிலிருந்து வரும் ஒரு பையனின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டாவது காரணம் நிறம். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய உயிர்நண்பன் அவனைவிடக் கறுத்தவன், முதல் அத்தியாயத்தில் கொள்ளையடிக்க வரும் படையினர் வெள்ளைத் தோலர்கள். 1968 இல், ஆங்கிலத்தில், சிறுவர் மந்திரக் கதையில் இப்படி எழுதியது துணிவு. அதன் பிறகும் பல அட்டைப்படங்களில் அவனை வெள்ளையனாகவே வரைந்தார்கள், 2004 இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளைநிற நடிகரையே போட்டார்கள், அதை லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார். மற்ற நான்கு புத்தகங்களிலும் எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் ஒரு நாயகன் இல்லை என்பதைப் பெரியவர்கள் கவனிக்காவிட்டாலும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் பெயர். அந்த உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர்கள்: ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று, மெய்யான பெயர் இன்னொன்று. மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அந்த ஆளின்மீது ஆற்றல் உண்டு என்பதால், உயிரைக் கொடுத்து நம்பும் ஒருவரிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். வீட்டுப் பெயர் ஒன்றும் பதிவுப் பெயர் ஒன்றுமாக வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, கணவனின் பெயரை வாயால் சொல்லாத அம்மம்மாமாரைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு, இது கதையாகவே தோன்றாது. நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன சொல்லே மந்திரம் என்று தொல்காப்பியம் விளக்கம் தந்திருப்பதைச் சொல்லிவிட்டால், எர்த்சீயின் இலக்கணமே விளங்கிவிடும்.

இவை மூன்றும் கதையைப் பிள்ளைகளுக்குக் கிட்டக் கொண்டுவருபவை. நான் தெரிந்ததற்கு உண்மையான காரணம், என் முதற்கேள்விக்கு இந்த நூல் தரும் விடை. கெட் ஆடு மேய்க்கும் சிறுவன், பெரும் திறமைசாலி, அதைவிடப் பெரும் கர்வி. மந்திரப் பள்ளியில் ஒரு சகமாணவன் சீண்டியதற்காக, தன் ஆற்றலைக் காட்டவென்று, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த அந்தப் பிளவின் வழியாக உருவமில்லாத நிழல் ஒன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடுவதில் தன் ஆற்றலெல்லாம் தீர்ந்து முதன்மை ஆசான் இறந்துபோகிறார். பிறகு ஆண்டுக்கணக்காக அந்த நிழல் அவனைத் துரத்துகிறது, அவன் தீவு தீவாக ஓடுகிறான். கடைசியில் முதற்குருவிடம் பருந்தாகப் பறந்து வந்து விழும்போது அவர் சொல்கிறார், ஓடாதே, திரும்பி நில், உன்னைத் துரத்துவதை நீ துரத்து என்று. உலகத்தின் விளிம்புக்கு அப்பால், கடலே மணலாகிப்போன ஓரிடத்தில் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன், வாசிக்கப்போகும் எவருக்கும் அதைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை. படை மோதவில்லை, எவரும் எவரையும் கொன்று தீர்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இந்த ஐந்து நூல்களில், தீமையை நாயகனே தன் கையால் திறந்துவிட்டான் என்று சொல்வது இது ஒன்றுதான். எட்மண்டின் குற்றத்துக்குப் பின்னால்கூட ஒரு சூனியக்காரி நிற்கிறாள். கெட்டுக்குப் பின்னால் அவனுடைய கர்வத்தைத் தவிர எவரும் இல்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைக் காட்டி, எல்லாவற்றையும் அவர்கள்தான் தொடக்கினார்கள் என்று சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைகள், நான் திறந்துவிட்டதை நானே தேடிப் போகிறேன் என்று சொல்லும் ஒருவனைக் கதையிலாவது காண வேண்டும் என்று விரும்புகிறேன். கர்வத்தால் வீழ்ந்த பெருந்திறமைசாலியை இராவணன் வெட்டில் நின்று ஏற்கெனவே அறிந்த பிள்ளைகள் இவர்கள். கெட் அவர்களுக்குப் புதியவனாக இருக்க மாட்டான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மந்திரப் பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இடம், பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்ற பழமொழி அந்த உலகத்தில் வழங்குகிறது. லெ குவினே பின்னாளில் அதை மறுபரிசீலனை செய்து, 1990 இல் வந்த நான்காம் நூலில் பெண்களின் பக்கமிருந்து அதே உலகத்தைப் பார்த்தார். அந்த இடம் வரும்போது வாசிப்பை நிறுத்தி, பெண்பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். உரையாடல் குறைவு, நடை பழங்கதை சொல்வதுபோல் நிதானமானது, நடுவில் கதை மெதுவாகும். நோயுற்ற ஒரு சின்னப் பிள்ளை இறந்துபோகும் பகுதி உண்டு. கெட்டின் சட்டைப்பையில் வாழ்ந்த குட்டி விலங்கும் இறந்துபோகிறது. அதற்குத்தான் அதிகம் அழுவார்கள். துக்கம் வராத கதையைத் தேடினால் இந்த ஐந்தில் ஒன்றும் தேறாது. ஆனால் இங்கே வரும் துக்கம், காத்திருக்கும் வீடுகளை நேராகத் தொடுவதில்லை.

சொற்களைப் பற்றியும் நீண்ட நேரம் யோசித்தேன். 'மந்திரவாதி' என்றால் எங்கள் பக்கத்தில் செய்வினை, கழிப்பு, பேயோட்டுதல் என்றே மனம் போகும். சில பெற்றோருக்குச் சமய அடிப்படையிலும் அந்தச் சொல் உறுத்தும். நூலின் தலைப்பை மாற்ற முடியாது, ஆனால் கதை சொல்லும்போது கெட்டின் குருவுக்கு 'சித்தர்' என்ற சொல்லையே பாவிக்கப்போகிறேன். மலைச்சரிவில் தனியே வாழ்ந்து, மூலிகை அறிந்து, நாட்கணக்காகப் பேசாமல் நடந்து, மழையை நிறுத்த முடிந்தும் நிறுத்தாமல் மரத்தடியில் நனைந்துகொண்டு படுக்கும் அந்த மனிதருக்கு வேறு சொல் பொருந்தவில்லை. கிண்ணியாப் பிள்ளைகளின் தாய்மாரிடம் முன்கூட்டியே கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கர்வத்தை விட்டவன் கதைதானே, வாசியுங்கள் என்றார் ஒருவர்.

நூல் பத்து அத்தியாயங்கள் கொண்டது. ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு பின்னேரங்கள் என்று வைத்தால் இருபது நாட்களில் முடியும், மழைக்கும் மின்வெட்டுக்கும் இன்னும் ஐந்து நாள் கூட்டிக்கொள்ளலாம். தூரத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டியிருப்பதால் மூன்றரைக்கே தொடங்குவோம். தம்பி தங்கைகளைக் கூட்டிவரும் பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள். அந்தச் சின்னவர்களுக்கு உள்ளறையில் என் தங்கை நார்னியாவைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே அலுமாரிக் கதையை நான் முற்றாகக் கைவிட்டதாக எவரும் நினைக்க வேண்டாம்.

நேற்று ஒரு பிறிஸ்டல் மட்டை வாங்கி, புத்தகத்தில் உள்ள எர்த்சீ வரைபடத்தைப் பெரிதாக்கி வரையத் தொடங்கினேன். தீவுகளின் பெயர்களைத் தமிழில் எழுதி, கெட் போகும் வழியை மட்டும் வரையாமல் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பின்னேரமும் வாசிப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்துபோய், அன்று வள்ளம் எந்தத் தீவுவரை வந்ததோ அதுவரை சிவப்புப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். மட்டையின் கிழக்கு ஓரத்தில், கடைசித் தீவுக்கு அப்பால், ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.